காது கொடுக்காத தெரு

“ஞானதாஸு! யோவ் ஞானதாஸு! கொயாயில தண்ணி வந்துக்கினு கீதுய்யா!”

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பைக் துடைத்துக்கொண்டிருந்த ஞானதாஸ் திரும்பவே இல்லை. அவன் தலையில் கறுப்பாக ஒரு ஹெட்போன் உட்கார்ந்திருந்தது.

மணவாளனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாளா இரண்டு நாளா? ஒரு மாதமாக இதே கதை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் தண்ணீர் வந்தால் சொல்வது அவர். கரண்ட் போனால் ஆபீசுக்கு போன் போடுவது அவர். காலமெல்லாம் ரைஸ் மில்லில் மிஷின் ஓட்டிவிட்டு ரிட்டயர் ஆனவர், இப்போது காலையிலிருந்து டிவி பார்ப்பதும், நடுவில் எழுந்து வந்து தெருவைக் கவனிப்பதுமாக இருந்தார். அப்படிப்பட்ட மனிதர் கூப்பிடுகிறார், திரும்பிப் பார்க்க ஒரு நாதி இல்லை.

இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். ஞானதாஸ் ஹெட்போன் ஓரத்தில் இருந்த பட்டனை இரண்டு தரம் அழுத்திவிட்டு டயரைத் துடைக்க ஆரம்பித்தான்.

“இன்னா கொயுப்பு பாரு!”

நேராகப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தார். அவன் தலையிலிருந்ததைப் பிடித்து ஒரே இழுப்பு. ஹெட்போன் வரவில்லை. காதுப் பக்கம் ஒட்டியிருந்த பஞ்சு மட்டும் கையோடு வந்துவிட்டது.

“அய்யோ! இன்னாண்ணா இப்பிடிப் பண்ணிட்டீங்க?”

“தண்ணி வந்துதுன்னு சொல்ல வந்தேன்யா!”

“தண்ணி நாளைக்கும் வரும். இந்தப் பஞ்சு வருமா? சாயங்காலம் ஆனா நான் இன்னா பண்ணுவேன்?”

“சாயங்காலம் அப்பிடி இன்னா பெரிய கச்சேரி கேக்கப் போற?”

ஞானதாஸ் எச்சில் தொட்டுப் பஞ்சை ஒட்டிப் பார்த்தான். அது ஒட்டவில்லை.

நியாயம் கேட்க எதிர்வீட்டுக்குப் போனார் மணவாளன். அங்கே ஹேமாவதி ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் தலையிலும் ஹெட்போன். நிமிராமலே, அப்புறம் வாருங்கள் என்று கையை மட்டும் ஆட்டினாள். மாடு பிடித்துக்கொண்டு வந்த செங்கேணி, துண்டு கட்டிய தலைக்கு மேலேயே ஒன்றை மாட்டியிருந்தான். அவன் சட்டைப் பையில் பட்டன் போன் எட்டிப் பார்த்தது.

“டேய், இந்த போன்ல இன்னாடா பாட்டு வரும்? புளூடூத்தே இல்லியே!”

செங்கேணி அவரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துவிட்டு மாட்டோடு போய்விட்டான்.

மணவாளன் வீட்டுக்கு வந்து குதித்தார்.

“தெருவே சேந்துக்கினு என்னை மதிக்க மாட்டேங்குது! நான் இன்னா தப்புப் பண்ணேன், சொல்லு!”

“நீங்களும் ஒண்ணு வாங்கிக்குங்களேன்,” என்றாள் மனைவி வசந்தகுமாரி.

“எனக்கு இன்னாத்துக்கு? நான் நாலு பேருக்கு வேண்டிய மனுஷன். காத மூடிக்கினு குந்தறதுக்கா கீறேன்?”

இருந்தாலும் பஞ்சைப் பிய்த்தது பிய்த்ததுதான். மறுநாள் தமிழ்வாணனின் மொபைல் கடைக்குப் போனார்.

“பஞ்சு மட்டும் தனியா வராதுண்ணா. புதுசுதான் வாங்கணும்,” என்றான் தமிழ்வாணன். “இந்த மாடலு உங்க தெருவுல மட்டுந்தான் போவுது. உங்க தெருவுக்குன்னே காஞ்சிபுரத்துலேர்ந்து பெட்டியா எறக்கிக்கினு கீறேன்.”

“எங்க தெருவுக்குன்னேவா?”

“ஆமாண்ணா. மத்த தெருவுல எவன் வாங்கறான்?”

மணவாளனுக்கு இப்போது சந்தேகமே இல்லை. பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள். நல்லது கெட்டதுக்கு அவர் ஓடி ஓடி நின்ற தெரு, இன்று பேட்டரி போட்ட ஒரு சாமானை மாட்டிக்கொண்டு அவரை வேண்டாதவர் ஆக்கிவிட்டது.

சாயங்காலம் டிவியை நிறுத்தினார். நடுத்தெருவில் போய் நின்றார். என்ன அதிசயமோ, அந்த நேரம் பார்த்து ஒருத்தர் காதிலும் ஒன்றும் இல்லை.

“எல்லாரும் கேட்டுக்குங்க! மதிப்பு இல்லாத எடத்துல இந்த மணவாளன் இருக்க மாட்டான்! வூட்ட வித்துட்டு எங்க ஊரு சாலவாக்கத்துக்கே போயிடறேன்!”

“எப்போண்ணா?” என்றான் ஞானதாஸ்.

“இந்த வாரமேவா?” என்றாள் ஹேமாவதி.

எத்தனை நாள் கழித்து இந்தத் தெரு அவரை ஒரு கேள்வி கேட்கிறது! அந்த அக்கறையில் மணவாளனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எங்கியும் போவல,” என்று வசந்தகுமாரி குறுக்கே வந்தாள். “ஒரு ஹெட்போன் வாங்கப் போறாரு. அவ்ளோதான்.”

தெரு அவரைச் சூழ்ந்துகொண்டது. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“காது முயுக்க மூடறதா வாங்குங்கண்ணா,” என்றான் ஞானதாஸ். “உள்ள சொருகறது வாணாம். கீய வுழுந்துடும்.”

“ஆயிரத்துக்குள்ளயே நல்லதா கெடைக்குது,” என்றாள் ஹேமாவதி. “சார்ஜு மட்டும் நிக்கணும். காலைல போட்டா படுக்கற வரிக்கும் நிக்கணும். நடுவுல நின்னுட்டா பெரிய பேஜாரு.”

“நின்னா எனக்குத்தான பேஜாரு? உனக்கு இன்னா?”

ஹேமாவதி இருமினாள்.

“அது கெடக்கட்டும். பாட்டு நல்லா கேக்குமா?” என்று கேட்டார் மணவாளன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பாட்டப் பத்தித் தெரியாதுண்ணா,” என்றான் ஞானதாஸ். “ஆனா வெளிய கீற சத்தம் உள்ள வராது. அதுக்கு நான் கேரண்டி.”

“என் டிவில புளூடூத்து கெடையாதே?”

“டிவி பின்னாடி சொருகற சின்ன டப்பா ஒண்ணு கீது. நானே வாங்கியாந்து மாட்டிடறேன். காசு வாணாம்ணா!”

பஞ்சு பிய்ந்ததுக்குச் சண்டைக்கு நின்றவன் இன்று இலவசமாக டப்பா மாட்டுகிறான். குற்ற உணர்ச்சிதான், வேறென்ன என்று மணவாளன் நினைத்துக்கொண்டார். ஆனாலும் மன்னிப்பதாக இல்லை.

கடையில் தமிழ்வாணன் எடுத்துப் போட்டதில் எல்லாம் குற்றம் கண்டுபிடித்தார். ஒன்று சிவப்பு. “நான் இன்னா காலேஜு பையனா?” இன்னொன்று காதை நெரித்தது. மூன்றாவதை மாட்டியவுடனே உள்ளே ஒரு பெண் இங்கிலீஷில் ஏதோ அறிவித்தாள்.

“யாருய்யா இவ? எங்கூட்டு டிவிக்கு நடுவுல பூந்து இன்னாத்துக்குப் பேசறா?”

கடைசியில் ஞானதாஸ் வைத்திருக்கும் அதே மாடலைத்தான் வாங்கினார். ஞானதாஸுக்கும் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தார். கடனாளியாக நின்று பழிவாங்க அவருக்குப் பிடிக்காது.

சாயங்காலம் டப்பா மாட்டியாகிவிட்டது. வாசல் கதவைத் திறந்து வைத்து, டிவி தெரிகிற மாதிரி படியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார் மணவாளன். செய்தி விவாதம் தொடங்கியது. நான்கு பேர் அவர் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து ஒரே நேரத்தில் கத்தினார்கள். அடடா! ஒரு வார்த்தை சிந்தவில்லை.

இப்போது வரட்டும். யார் வேண்டுமானாலும் கூப்பிடட்டும். வீடே பற்றி எரிந்தாலும் திரும்பப் போவதில்லை. அப்போது தெரியும் மணவாளன் பட்ட பாடு.

நினைத்த மாதிரியே கேட்டுக்கு வெளியே ஆட்கள் சேர்ந்தார்கள். ஞானதாஸ் கையை ஆட்டினான். ஹேமாவதி வாயை அசைத்தாள். மணவாளன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பட்டனை இரண்டு தரம் அழுத்தினார். மனசு குளிர்ந்தது.

தெரு கொஞ்ச நேரம் கூடிக் கூடிப் பேசியது. பிறகு செங்கேணியைப் பிடித்து உள்ளே தள்ளியது. அவன் தயங்கித் தயங்கி வந்து, அவருடைய ஒரு காதிலிருந்து ஹெட்போனை மெதுவாகத் தூக்கினான்.

“இனிமே டிவி உங்க காதுக்குள்ளயே கத்தும்னா, நாங்க எங்களுதக் கழட்டிடலாங்களாண்ணா?”