இரண்டு கிலோமீட்டர் கார்

'கார் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது' என்று நினைத்துக்கொண்டுதான் நபீசா போனை எடுத்தாள். கமருஸ்ஸமான் கடை நேரத்தில் மனைவியை அழைப்பவர் இல்லை. அழைத்தால் ஏதோ வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

"தேக்சா வந்துடுச்சு. கடையிலயே எறக்கி வெச்சிருக்கேன். அஞ்சு மணிக்குக் காரை எடுத்துட்டு வந்துடு. பின் சீட்டுல வெச்சி எடுத்துட்டுப் போயிடலாம்," என்றார்.

மறுநாள் வீட்டில் முடியிறக்கிப் பெயர் வைக்கும் அகீகா விருந்து, மகள் ஆஃப்ரினின் குழந்தைக்கு. ஐம்பது பேருக்குப் பிரியாணி வேகும் பாத்திரம் அந்தத் தேக்சா. விடிந்ததும் அடுப்பில் ஏறியாக வேண்டும்.

நபீசா சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். அவள் வேலை செய்யும் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு எதிரே ஐந்து கார்கள் நின்றன. அவளுடையது அதில் இல்லை. அது பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால், காலாப்பட்டு மெயின் ரோட்டில், காசு வாங்கிக்கொண்டு வண்டி நிறுத்தவிடும் அஞ்சலாட்சி என்பவளுடைய காலி மனையில் நின்றுகொண்டிருந்தது. வீட்டிலிருந்து அந்த மனைக்கு இரண்டு கிலோமீட்டர். எட்டு மாதமாக அந்தக் கார் அதைத் தாண்டிப் போனதே இல்லை.

மூன்று வருடம் கேட்டு வாங்கிய கார். முதல் மாதம் டவுனுக்குள் ஓட்டிக்கொண்டுதான் வந்தாள். அலுவலகத் தெருவில் ஒற்றைப்படைத் தேதிகளில் இந்தப் பக்கம் நிறுத்த வேண்டும், இரட்டைப்படைத் தேதிகளில் அந்தப் பக்கம். முப்பத்தொன்றுக்கு அடுத்த நாள் ஒன்று, அதுவும் ஒற்றைப்படைதான் என்பது அவளுக்கு மறந்துபோனது. பழக்க தோஷத்தில் பக்கம் மாற்றி நிறுத்தினாள். சாயந்தரம் வந்து பார்த்தபோது சக்கரத்தில் போலீஸ் போட்ட மஞ்சள் பூட்டு.

அடுத்த நாள் காரை அஞ்சலாட்சியிடம் விட்டுவிட்டு எட்டேகால் பஸ்ஸில் ஏறினாள். சன்னல் ஓரம் இடம் கிடைத்தது. முப்பத்தைந்து நிமிடம். அந்த நேரத்தில் அவளை யாரும் அம்மா என்று கூப்பிடவில்லை, மதாம் என்று கூப்பிடவில்லை, நபீசா என்றுகூடக் கூப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது, எங்கேயோ போய் நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவள் போல இருந்தது. அன்றிலிருந்து இப்படித்தான்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் கார் நாத்தனார் மகன் ஷாரிக்கிடம் போய்விடும், அவன் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "அப்ப என் பைக்லயே வந்துடு, நானே கொண்டாந்து விடறேன்" என்று கமருஸ்ஸமான் ஆரம்பித்துவிட்டால்? அந்த முப்பத்தைந்து நிமிடமும் போய்விடும்.

"கார் சர்வீசுக்குப் போயிருக்குங்க," என்றாள்.

"எங்க?"

"முதலியார்பேட்டையில."

"கலியமூர்த்தி கிட்டயா? நல்லதாப் போச்சு. நம்ம ஆளுதான், கடை வாசலுக்கே கொண்டாந்து விடச் சொல்றேன்."

கலியமூர்த்தி என்று ஒருவர் இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். சர்வீஸ் முடிந்துவிட்டது, கார் திரும்பி வந்துவிட்டது, ஆனால் முதலாளி தொமினிக் சார் ஏதோ அவசரம் என்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறார் என்று ஒரே மூச்சில் சொன்னாள். இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பேச்சை அவர் பக்கம் திருப்பினாள். "போன ரம்ஜானுக்கு நீங்களே பைக்ல கட்டிக்கிட்டு வந்தீங்கல்ல?"

"பைக்கு பங்சரு," என்றார்.

"கடைக்கு எதிர்லயே பங்சர் ஒட்டறாங்களே."

"டியூபே போச்சு. டயரும் சரியில்ல. செயின் வேற தொங்குது."

ஒரே மத்தியானத்தில் ஒரு பைக்குக்கு இத்தனை நோய் வருமா என்று வேறு நாளாக இருந்தால் யோசித்திருப்பாள். பொய் சொல்லிக்கொண்டிருப்பவளுக்கு அடுத்தவர் குரல் காதில் ஏறுவதில்லை. தயங்கித் தயங்கி, ஒரு ஆட்டோ வைத்துக்கொள்ளலாமே என்றாள். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. வீட்டில் காரை வைத்துக்கொண்டு ஆட்டோவா? எங்கள் வீட்டில் காரில்தான் வேலைக்குப் போகிறார்கள் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாராம்.

பத்து நிமிடம் கழித்துத் தொமினிக் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். பிறப்புச் சான்றிதழ்களைத் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றுவதைத் தவிர வேறு எதையும் மாற்றிச் சொல்லி அறியாத மனிதர்.

"மதாம், உங்க வீட்டு மிஸ்யே போன் பண்ணாரு. நான் உங்க காரை எடுத்துட்டுப் போயிருக்கேனாம்," என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நான் எங்க போயிருக்கேன்னு முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா நல்லா இருந்திருக்கும்."

அவரிடம் என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டாள் நபீசா.

"வில்லியனூர்ல ஒரு சாவுன்னு சொல்லிட்டேன். நல்ல மனுசன், எனக்காக வருத்தப்பட்டாரு. அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு தெரியாம, அஞ்சு மணிக்குக் காரைக் கடை வாசல்லயே விட்டுடறேன்னும் சொல்லிட்டேன்."

மணி மூன்று. நபீசா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அந்த நேரத்துப் பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் காலில் யாரோ அரிசிப் பையை வைத்திருந்தார்கள். சன்னல் ஓரத்தில் ஒரு பெண் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். நபீசா அவளைப் பொறாமையோடு பார்த்தாள். ஐந்து மணிக்கு எல்லாம் தெரிந்துவிட்டால், நாளை மறுநாளிலிருந்து தானும் இப்படித்தான் அடுத்தவர் இடத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அதுவும் பைக்கின் பின்னால் உட்கார்ந்துகொண்டு.

காலாப்பட்டில் இறங்கி மனைக்குள் ஓடியபோது அஞ்சலாட்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

அஞ்சலாட்சியின் மனையில் வண்டி நிறுத்துவதற்கு ஒரு கணக்கு உண்டு. சாயந்தரம் முதலில் திரும்பி வருகிறவர்களின் வண்டி வாசல் பக்கம். கடைசியில் வருகிறவர்களுடையது மனையின் கோடியில், தார்ப்பாய்க்கு அடியில். நடுவில் மற்றவர்கள். வழி என்று தனியாக எதுவும் விடுவதில்லை. ஆட்களின் பெயர் அவளுக்குத் தெரியாது, தேவையும் இல்லை. வந்து எடுக்கும் நேரம்தான் பெயர்.

"ஆறேகால் அக்கா, நீங்க நாலு மணிக்கு வந்தா நான் இன்னா பண்றது? முன்னாடி அஞ்சு மணி நிக்குது, அஞ்சே முக்கால் நிக்குது. அஞ்சே முக்கால் சாவியக்கூட குடுக்கல," என்றாள்.

அவசரம் என்று நபீசா கெஞ்சினாள். அஞ்சலாட்சி முணுமுணுத்துக்கொண்டே ஐந்து மணியின் சாவியை எடுத்து, அந்தக் காரை ரோட்டோரம் கொண்டுபோய் நிறுத்தினாள். ஐந்தே முக்காலை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்தில் தன் காரை நுழைக்கப் பார்த்தாள் நபீசா. கண்ணாடி சுவரில் உரசியது. பின்னால் எடுத்தாள், செங்கல் மேல் சக்கரம் ஏறிக்கொண்டது. இப்போது கார் குறுக்கே நின்று, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் மனையையே அடைத்துவிட்டது.

டவுன் பக்கமிருந்து அடுத்த பஸ் வந்து நின்றது. அதிலிருந்து ஒருவர் இறங்கி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, ஏறக்குறைய ஓட்டமாக மனையை நோக்கி வந்தார். அஞ்சலாட்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

"போச்சு. எட்டரை மணி சாரும் வந்துட்டாரு. மூணு வருசமா காலையில மொத ஆளா பைக்கை இங்க உட்டுட்டு பஸ்ல போறவரு, ஒரு நாள் கூட எட்டரைக்கு முன்னாடி வந்ததில்ல. யக்கா, உங்க காரு நவுந்தாத்தான் அவரு பைக்கு வெளிய வரும்."

நபீசா காரிலிருந்து இறங்கினாள். கமருஸ்ஸமான் பாதி வழியில் நின்றுவிட்டார்.

அஞ்சலாட்சி தார்ப்பாயை விலக்கினாள். பைக் துடைத்து வைத்ததுபோல் நின்றது.

"டயரு நல்லாத்தான் இருக்குது," என்றாள் நபீசா.

"வில்லியனூர் சாவு எடுத்துட்டாங்களா?" என்றார் அவர்.

கார் நகர வேண்டுமானால் ஐந்தே முக்கால் வந்தாக வேண்டும். காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை என்பதால் இருவரும் காருக்குள் ஏறி உட்கார்ந்தார்கள். தேக்சா டவுனில் தனியாக இருந்தது.

"அஞ்சு மணிக்கு நீ கடைக்கு வந்து பைக்கு எங்கன்னு கேப்பியேன்னுதான் ஓடியாந்தேன். காலையிலேருந்து கடையில யாராவது எதையாவது கேட்டுக்கிட்டே இருக்காங்க," என்றார் கமருஸ்ஸமான், கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டு. "வீட்டுக்கு வந்தாலும் கேக்கறாங்க. பஸ்ல ஒருத்தரும் என்னை ஒண்ணும் கேக்கறதில்ல. அதுக்குத்தான்."

எட்டு மாதமாக அவள் மனதுக்குள் வைத்திருந்த வாக்கியம் அது. அதை இந்த மனிதரின் வாயிலிருந்து கேட்போம் என்று அவள் நினைத்ததில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத பயணியைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள். இருபத்தைந்து வருடத்தில் அவரை இவ்வளவு பிடித்ததில்லை.

அந்தப் பார்வை அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப ஒண்ணு பண்ணலாம் நபீசா. திங்கக்கெழமையிலேருந்து ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போலாம். சன்னல் சீட்டு உனக்கு. பேசிக்கிட்டே போலாம்."

நபீசா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாங்க," என்றாள், மெதுவாக.