பந்தல் தயார், சிப்பாய்தான் இல்லை

அன்பும் மதிப்பும் மிக்க ரூஜா அத்தைக்கு, அண்ணன் மகள் திஹானா எழுதிக்கொண்டது.

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். மாமாவுக்கும் வேண்டாம். மாமா நல்லவர்தான், ஆனால் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்கள் வீட்டில் இருப்பது மின்சார அடுப்பு என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அப்படியானால் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்துவிடுங்கள்.

நீங்கள் நலமா? முழங்கால் வலி குறைந்ததா? இங்கே அப்பா, அம்மா, அண்ணன் விங்கோ, நான் எல்லோரும் நலம். எங்கள் பன்றி பாரோனும் இன்று சாயங்காலம் வரை நலமாக இருந்தான். அப்பா அவன் காதில் ஏதோ சொல்லி விடைபெற்றுவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதார். மற்றதை எப்போதும் போல அம்மாவே கத்தியைத் தீட்டிக்கொண்டு போய் முடித்துவிட்டு வந்தாள். விருந்து நாளைக்கு. அதனால்தான் போர்வைக்குள் விங்கோவின் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் அனுப்ப முடியாது. இரவில் எல்லோர் போனும் சமையலறை ஃபிரிட்ஜின் மேல் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். தவிரவும், அப்பா உங்களைக் குடும்பக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார், கவனித்திருப்பீர்கள். விடிந்ததும் ரொட்டி வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்துவிடுவேன். அவர் உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறார்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். குரோஷியாவில் பையன்களை மறுபடியும் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு அழைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்த அன்றே அப்பா விங்கோவின் வழியனுப்பு விருந்துக்குத் தேதி குறித்துவிட்டார், ஏனென்றால் கோடை முழுக்க வாத்தியக்காரர்களைக் கல்யாணக்காரர்கள் பிடித்துவைத்திருக்கிறார்கள், நாளைய சனிக்கிழமை மட்டும்தான் காலியாக இருந்தது, அதை விட்டால் இலையுதிர் காலம்தான் என்று சொல்லிவிட்டார்கள். வைத்தியப் பரிசோதனை முடியட்டுமே என்று அம்மா சொன்னதற்கு, "என் பிள்ளைக்கு என்னடி குறை, குதிரை மாதிரி இருக்கான்" என்றார். பக்கத்து வீட்டு பெரோ மாமா தன் மகன் மத்தியாவுக்கு வசந்த காலத்தில் போட்ட விருந்து உங்களுக்கே தெரியும். மத்தியா மேசைமேல் ஏறி, கடைசிக் கோப்பையைக் குடித்து, "ஊரே, நான் போறேன்" என்று சொல்ல, கிழவிகள் எல்லாம் ஒப்பாரி வைக்க, ஊரே கொடி பிடித்து அவனைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டது. அவன் சாயங்காலமே சார்ஜரை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்து நின்றதும், வழியனுப்பியது வீணாகிவிடக் கூடாதே என்று ஊர் மொத்தமும் அவனைப் பார்க்காதது போல வேலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதும் வேறு கதை. ஆனாலும் அது விருந்து. அதைவிடப் பெரிதாகச் செய்யாவிட்டால் அப்பாவுக்குத் தூக்கம் வராது.

அப்புறம்தான் நீங்கள் டாக்டராக இருக்கும் அந்த வைத்தியக் குழு விங்கோவுக்குத் தட்டைக் கால் என்று கண்டுபிடித்தது. அதோடு விட்டிருக்கலாம், ஊசியைப் பார்த்ததும் அவன் மயங்கி விழுந்து, தாங்கிப் பிடிக்க வந்த தாதியையும் சேர்த்துச் சாய்த்துவிட்டான். தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து அப்பா உங்களோடு பேசுவதில்லை. பெரோ மாமாவோ தினமும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவைக் கேட்கிறார்: "என்னடா ஷிமா, பந்தல் போட்டாச்சு, பாட்டுக்காரனுக்குச் சொல்லியாச்சு, போறவன் எங்கடா?"

யாரைப் பட்டாளத்துக்கு எடுக்கலாம், யாரை எடுக்கக் கூடாது என்ற விவாதம் எங்கள் சமையலறையில் அன்று தொடங்கி இன்னும் ஓயவில்லை. பெரோ மாமா ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்துவிடுகிறார்.

"தட்டைக் காலுன்னா என்னடா இப்போ?" என்றார் அப்பா. "வாத்துக்கும்தான் தட்டைக் காலு. அது நடக்கலையா, நீந்தலையா? கப்பற்படைக்கு எடுத்துக்க வேண்டியதுதானே!"

"வாத்து ஊசியைப் பார்த்து மயக்கம் போடுறதில்லையே, ஷிமா," என்றார் பெரோ மாமா.

"என்னைக் கேட்டா, முதல்ல அந்த டாக்டருங்களைப் பட்டாளத்துல போடணும்!" (மன்னித்துவிடுங்கள் அத்தை, அப்படியே எழுதுகிறேன்.)

"அயர்லாந்துக்கு வேலைக்குப் போன பயலுக கிறிஸ்துமஸுக்கு வருவானுங்கல்ல, விமான நிலையத்துலயே அமுக்கிப் பிடிக்கணும்," என்றார் பெரோ மாமா.

"எதுக்கு அவனுங்க? நான் இல்லையா? என்னை எடுக்கட்டும்!" என்று அப்பா மார்பைத் தட்டிக்கொண்டு எழுந்தார். முதுகு பிடித்துக்கொண்டது. மெதுவாக உட்காரவைத்தோம்.

"விருப்பப்படுறவங்களை எடுத்தா போதாதா?" என்றான் விங்கோ, வாய் நிறைய முட்டைக்கோஸ் சுருளோடு.

"உன்னை யாருடா கேட்டா?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

அம்மா வழக்கம்போல அடுப்பருகில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் சும்மா இருக்காமல் நடுவில் கேட்டாள்: "அங்க சமைக்கிறது யாரு?"

"அதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க, அண்ணி," என்றார் பெரோ மாமா.

"பாத்திரம்?"

"அதுக்கும் ஆளு."

"ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைச்சுப் படுக்கச் சொல்லிடுவாங்களாமே, நெசமா?"

"படுத்தே ஆகணும். உத்தரவு."

"கதவைத் தட்டாம யாரும் உள்ள வர மாட்டாங்களா?"

"தட்டாம வந்து பாக்கட்டும், தோலை உரிச்சிடுவாங்க!"

"ஓ," என்றாள் அம்மா. அப்பா நெகிழ்ந்துபோய், "பெத்த வயிறு பாரு, பிள்ளை எப்படி இருந்திருப்பானோன்னு கவலைப்படுது" என்று பிளம் சாராயத்தை இன்னொரு மடக்கு குடித்தார்.

இனிமேல் என் தலைவிதி. எங்கள் பள்ளியில் விவாதப் போட்டி. தலைப்பு: பெண்களையும் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்க்கலாமா? ஸ்லாவிட்ஸா டீச்சர் விளையாட்டு வாத்தியாரின் தொப்பியில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். எனக்கு வந்தது "சேர்க்க வேண்டும்". உங்களுக்கு மட்டும் என் உண்மையான கருத்தைச் சொல்கிறேன்: சேர்க்கவே கூடாது, குறிப்பாக என்னை. ஆனால் மேடையில் ஏறியதும் எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. "விடிவதற்கு முன்னால் எழுந்து, எல்லோரையும் எழுப்பி, உணவு கொடுத்து, சண்டையை விலக்கி, ஒரு வீட்டையே நடத்துகிறவளுக்கு ஒரு படையை நடத்தத் தெரியாதா?" என்று மேசையைக் குத்தினேன். கை இரண்டு நாள் வலித்தது. கைத்தட்டலுக்காகச் சொன்ன வாக்கியம் அத்தை, சத்தியமாக அவ்வளவுதான்! ஆனால் முதல் பரிசு கொடுத்துவிட்டார்கள். யாரோ அதைப் போனில் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள்.

அப்பா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் வழிய, "விங்கோ இல்லன்னா என்ன, எனக்கு ஒரு சிங்கக்குட்டி இருக்கே!" என்று என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். முதுகு மறுபடியும் பிடித்துக்கொண்டது. பெண்கள் விருப்பப்பட்டால் சேரலாம் என்பதுதான் விதி, எனக்கு விருப்பமில்லையே என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு வார்த்தைக்கும் என் பேச்சிலிருந்தே ஒரு வாக்கியத்தை எடுத்துத் திருப்பிப் போட்டார்கள். பயமாக இருக்கிறது என்றால், "பயம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுன்னு நீதானே சொன்ன?" என்கிறார் அப்பா. மருந்தாளுநர் படிப்புக்கான நுழைவுத் தேர்வு, பட்டாளப் பயிற்சி தொடங்கும் அதே வாரத்தில்தான் வருகிறது என்றால், "நாட்டுக்கு முன்னால் என் வசதி பெரிதா அப்படின்னு கேட்டியேம்மா, அந்த இடத்துலதான் எனக்கு அழுகையே வந்தது" என்கிறார் பெரோ மாமா, அவரே! என்னுடைய பேச்சை நானே மறுத்து ஜெயிக்க முடியவில்லை. திங்கட்கிழமை அப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பட்டாளத்துக்கான விண்ணப்பத் தாளை என் முன்னால் வைத்து, பேனாவின் மூடியைத் திறந்து கையில் கொடுத்து, பக்கத்திலேயே நின்று மூக்கை உறிஞ்சினார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேறு என்ன செய்வது?

எனக்கு வைத்தியப் பரிசோதனை வரும் வியாழக்கிழமை, உங்கள் குழுவிடம்தான். விருந்து நாளைக்கு. ஆமாம், அப்பா அதே தவறை இரண்டாம் முறையும் செய்கிறார். எடுத்துச் சொன்னால், வாத்தியக்காரர்கள் வியாழக்கிழமை வருவார்களா என்று கேட்கிறார்.

கேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பே சொல்லிவைத்த கேக்கில் சீருடை போட்ட விங்கோவின் படம் அச்சாகிவிட்டது. கடைக்காரி, "முகத்தை இனி மாத்த முடியாது, வேணும்னா க்ரீமில் ஒரு பின்னல் போட்டுத் தர்றேன்" என்றாள். போட்டும் தந்துவிட்டாள். நாளை ஊர் முழுக்க வெட்டித் தின்னப் போவது பின்னல் போட்ட, இரண்டு நாள் மீசையோடு இருக்கும் என்னை.

அத்தை, காலைப் பிடித்துக் கேட்கிறேன். விங்கோவைத் தள்ளியது போல என்னையும் தள்ளிவிடுங்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. ஒரு வைத்தியக் குழு சொன்னால் அது வேறு. என்னிடம் தேடினால் குறைகள் கிடைக்கும். எனக்கு பெரோ மாமா வீட்டு வாத்தைக் கண்டாலே பயம். யாராவது கத்தினால் விக்கல் வருகிறது, வந்தால் நிற்பதில்லை. விக்கல் ஒரு நோயாகாதா? இருட்டில் மொத்தப் படையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருக்கும்போது, நடுவில் நான் "இக்" என்றால் நாட்டின் கதி என்ன ஆகும்? தேசத்தின் பாதுகாப்பை நினைத்தாவது என்னைத் தகுதியற்றவள் என்று எழுதிவிடுங்கள். அப்பா உங்களோடு இன்னும் கொஞ்ச காலம் பேசமாட்டார். ஏற்கனவே பேசவில்லை என்பதால் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் பூனைக்கு முத்தம். கடவுள் உங்கள் முழங்காலுக்கு நிம்மதியையும், உங்கள் கைக்கு என் தாளில் சரியான முத்திரையைக் குத்தும் தைரியத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்களை மட்டுமே நம்பியிருக்கும்
திஹானா

பின்குறிப்பு: அத்தை, இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு முடித்ததும் பயத்தில் விக்கல் வந்துவிட்டது. தண்ணீர் குடிக்கக் கீழே போனேன். சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இராணுவத்துக்கென்று விங்கோவுக்கு வாங்கிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு, அம்மா கேக்கின் முன்னால் கரண்டியோடு நின்றாள்.

"விக்கலா? தண்ணியக் குடி, மூச்சைப் பிடி," என்றாள் திரும்பாமலே.

"அம்மா, என்ன பண்றே?"

"பின்னலைக் கொண்டையாக்குறேன். இந்த வயசுல எனக்குப் பின்னல் நல்லாவாடி இருக்கும்?"

எனக்கு விக்கல் நின்றுவிட்டது.

"ரிசர்வ் படைக்கு ஐம்பது வயசு வரைக்கும் எடுக்குறாங்கன்னு உன் அத்தை ஈஸ்டருக்கு வந்தப்ப சொன்னாள்ல. வினிகர் வாங்கப் போன அன்னைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன். எனக்கும் வியாழக்கிழமைதான். நீ அன்னைக்கு வீட்ல உக்காந்து பரீட்சைக்குப் படி."

"அப்பாகிட்ட யாரு சொல்றது?"

"நாளைக்கு மேசை மேல ஏறி நானே சொல்லிக்கிறேன். அழுவாரு. எப்படியும் அழப் போற மனுசன்தானே. பாட்டுக்காரன் இருக்கான், பந்தல் இருக்கு, போறதுக்கும் ஆளு இருக்கு. அவருக்கு வேற என்ன வேணும்?"

"எதுக்கும்மா இதெல்லாம்?"

விரலில் ஒட்டிய க்ரீமை நக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வீட்டை நடத்துறவளுக்குப் படையை நடத்தத் தெரியாதான்னு நீ கேட்டல்ல? போன்ல அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தேன். அட, தெரியுமேன்னு தோணிச்சு. அது போக, வேற யாராவது சமைச்சதைக் கொஞ்ச நாள் உக்காந்து சாப்பிட்டுப் பாக்கணும்டி."

ஆகவே அத்தை, மேலே எழுதியது எதையும் படித்ததாக வைத்துக்கொள்ளாதீர்கள். பெண்களைச் சேர்க்கலாம். தாராளமாகச் சேர்க்கலாம். யாரை எடுக்கலாம் என்று எங்கள் சமையலறையில் வாத்து வரைக்கும் வந்துவிட்டார்கள், அடுப்புப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை, நானும்தான். என் விக்கலை மறந்துவிடுங்கள். வியாழக்கிழமை அம்மாவின் கையில் ரத்த அழுத்தக் கருவியைக் கட்டும்போது நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இல்லாமல் அவளால் ஊசியில் நூல் கோக்க முடியாது, அதனால் கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரியில் என்னென்ன எழுத்துகள் என்பதை ரொட்டி வண்டிக்காரரிடமே எழுதி அனுப்பிவிடுங்கள், மனப்பாடம் செய்யவைப்பது என் பொறுப்பு. யாராவது ஏதாவது சொன்னால் அவளே

என் அறைக் கதவைத் தட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் தட்டியதே இல்லை. அப்பா தள்ளுவார், விங்கோ உதைப்பான். அத்தை, மறுபடியும். இரண்டு தட்டு, சீராக, அறை வாசலில் அந்த பூட்ஸ் கால்கள் சேரும் சத்தத்தோ