ஓரம் விழுங்காத பெட்டி

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்,
14-10-2007

சிரஞ்சீவி கைலாஷுக்கு, அப்பா பிச்சுமணி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. பத்மநாபஸ்வாமி கிருபையில் நானும் உன் அம்மாவும் சௌக்கியம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆரம்பித்துவிட்டேன். மேலே படித்த பிறகு அதை நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். இமெயிலில் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பாய். கிழக்கேகோட்டை இன்டர்நெட் கடையில் நான் சொல்லச் சொல்ல டைப் அடிக்கிற பெண் பெரிய வாயாடி. காலையில் சொன்னால் சாயங்கால தீபாராதனைக்குள் நம் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். இது தெருவுக்குத் தெரிய வேண்டிய விஷயம் அல்ல. உனக்கே தெரிய வேண்டியதுதானா என்று மூன்று நாளாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நீ லீவுக்கு வந்தபோது நம் வீட்டு வீடியோ கேசட் பதினொன்றையும் அமெரிக்காவுக்குக் கட்டிக்கொண்டு போய், பூஞ்சணம் துடைத்து, டிஜிட்டல் ஆக்கி, பதினொரு டிவிடி தட்டாகத் திருப்பி அனுப்பினாய். சந்தோஷம். கூடவே, அதைப் போட்டுப் பார்க்க எப்படிப்பட்ட பிளேயர் வாங்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் பதினாலு நிபந்தனை எழுதி அனுப்பினாயே, அதுதான் வினை. உனக்குப் பெண் பார்க்கும்போதுகூட நாங்கள் நாலு நிபந்தனைதான் போட்டோம், அதிலும் இரண்டை விட்டுக்கொடுத்தோம். தீபாவளிக்கு மீரா மாப்பிள்ளையோடும் குழந்தையோடும் வருகிறாள். "அப்பா, என் கல்யாண வீடியோவைப் பாத்து எத்தனை வருஷமாச்சு, பிளேயர் வாங்கி வையுங்கோ, முழுசா உக்காந்து பாக்கணும்" என்று வாரத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணுகிறாள். அதனால் நானும் உன் காகிதத்தை எடுத்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவில் செல்வின் கடைக்குப் போனேன். நாகர்கோவில்காரர், நல்ல மனுஷர், நம் வீட்டு மிக்ஸியைப் பத்து வருஷமாக உயிரோடு வைத்திருப்பவர். காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சார், உங்க மவன் கேக்குறது எல்லாம் ஒரே பெட்டியில கெடைக்காது. எங்கிட்ட மூணு தினுசு இருக்கு. ஒண்ணொண்ணா வீட்டுக்குக் கொண்டுபோயி போட்டுப் பாருங்க. புடிச்சத வச்சுக்கிட்டு மத்தத திருப்பித் தாங்க. நமக்குள்ள என்ன இருக்கு?" என்றார்.

முதல் பெட்டியைப் புதன்கிழமை காலை கொண்டுவந்தேன். வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக ஒயரை எல்லாம் மாட்டி, கல்யாணத் தட்டைப் போட்டால், சத்தம் வருகிறது, படம் வரவில்லை. திரை முழுக்க நீலம். "ரேடியோ கேக்கறதுக்கா இத்தனை அலைச்சல்?" என்றாள் உன் அம்மா, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே. தட்டை எடுக்கலாம் என்று எழுந்தேன், நாகஸ்வரம் நன்றாக இருக்கிறது, இருக்கட்டும் என்றாள். சரியென்று இரண்டு பேரும் நீலத்தைப் பார்த்துக்கொண்டு கல்யாணத்தைக் கேட்டோம். கெட்டி மேளம், கெட்டி மேளம் என்று சாஸ்திரிகள் கத்துவதற்குக் கொஞ்சம் முன்னால், மைக்குக்கு வெகு பக்கத்தில், காதோடு சொல்வது மாதிரி ஒரு குரல்: "மீரா, தலையை நிமித்துடி கண்ணு."

உன் அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "ஏன்னா, அது சீதா குரலோன்னோ?" என்றாள். "மேளச் சத்தத்துல உனக்கு என்ன வேணா கேக்கும்" என்று நான் எரிந்து விழுந்தேன். எனக்கும் அதுதான் கேட்டது.

சீதாலக்ஷ்மி அத்தையைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டுமா என்ன? என் கூடப்பிறந்த தங்கை, இருபத்திரண்டு வயதில் பொட்டை அழித்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தவள், உன் அம்மா பாங்க் வேலைக்குப் போன காலமெல்லாம் உன்னையும் மீராவையும் தூக்கி வளர்த்தவள், தொண்ணூற்றெட்டில் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தவள். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. அதற்கு வருகிறேன், பறக்காதே.

முதல் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை இரண்டாவதைக் கொண்டுவந்தேன். உன் பதினாலு நிபந்தனையில் பன்னிரண்டுக்கு அடங்குகிற பெட்டி. படம் கண்ணாடி மாதிரி வந்தது. சுற்றிலும் கறுப்பாக ஒரு விரல் பட்டை விட்டுக் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்ததே தவிர வேறு குறை சொல்ல முடியாது. அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். ஊஞ்சல் ஆயிற்று, கன்னிகாதானம் ஆயிற்று, மீரா கூறைப்புடவை கட்டிக்கொண்டு வந்து என் மடியில் உட்கார்ந்தாள், மாப்பிள்ளை தாலியை எடுத்தார். இடது பக்க ஓரத்தில், பந்தல் தூணை ஒட்டி, ஒரு பழுப்பு நிறப் புடவை. பாதி தோள், பாதி முகம். சீதா. மணையைப் பார்க்கவில்லை, தாலியைப் பார்க்கவில்லை. நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணையில் உட்கார்ந்திருந்த என்னை அல்ல, ஹாலில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னை.

இந்தக் கேசட்டை வி.சி.ஆரில் நாம் ஐம்பது தடவை பார்த்திருப்போம். அந்தத் தூண் பக்கத்தில் ஒரு நாளும் யாரும் நின்றதில்லை. நிற்கவும் முடியாது. ஏனென்றால் அந்த நேரத்தில் அவள் மளிகை அடுக்கிவைக்கிற சாமான் உள்ளில் இருந்தாள், வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது, போட்டது நான்.

எழுதிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ரொம்ப ஆசாரம், முகூர்த்த நேரத்தில் அவள் எதிரே வந்து நின்றால் ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்று பயம். நீ வராதே என்று சொன்னால் வரமாட்டாள்தான். ஆனால் வளர்த்த பாசம், மேளம் கேட்டதும் கால் தானாக வந்துவிட்டால்? அதனால் ஊஞ்சல் முடிந்ததும், "சீதா, பாயசத்துக்கு இன்னும் கொஞ்சம் முந்திரி எடு" என்று உள்ளே அனுப்பித் தாழ்ப்பாளைப் போட்டேன். பத்து நிமிஷம்தான் என்று நினைத்தேன். அப்புறம் சம்பந்தி உபசாரத்தில் சுத்தமாக மறந்துபோய், முதல் பந்தி எழுந்த பிறகு ஞாபகம் வந்து ஓடினேன். தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. திறந்தால் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். "ஆச்சாண்ணா?" என்றாள். அவ்வளவுதான். அத்தைக்கு ஜுரம், படுத்திருந்தாள் என்று மீராவிடம் சொன்னேன். உன் அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். இன்றைக்கும் மீரா, "பாவம், அன்னைக்குப் பாத்து அத்தைக்கு ஜுரம் வந்துடுத்து" என்பாள். நான் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன்.

இப்போது தீபாவளிக்கு அவள் வந்து உட்கார்ந்து, இந்தப் பெட்டியில் பார்த்து, "அப்பா, அத்தை இங்கேதானே நிக்கறா!" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? சொல், அமெரிக்காவில் இருந்துகொண்டு பதினாலு நிபந்தனை போடத் தெரிந்தவனே, இதற்கு ஒரு வழி சொல்.

முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். புரை வந்திருக்கலாம் அல்லவா? அதனால் ஒரு யோசனை செய்தேன். அம்மாவின் நிலைக்கண்ணாடியில் வரிசையாக ஒட்டிவைத்திருப்பாளே ஸ்டிக்கர் பொட்டு, அதில் ஒன்றைப் பிய்த்து, டிவி கண்ணாடிமேல் அவளுக்கு இரண்டு விரல் தள்ளி, வெறும் தோரணம் தெரிகிற இடத்தில் ஒட்டினேன். ஆள் நகர்ந்தால் பொட்டைத் தாண்ட வேண்டும், நகராவிட்டால் என் பிரமை. சர்க்கார் ஆபீஸில் முப்பத்துமூன்று வருஷம் அளந்து குறித்தவன் வேறு எப்படி யோசிப்பான்? வெள்ளிக்கிழமை காலை காபி ஆனதும் திரும்பப் போட்டேன். கெட்டி மேளம் வந்தது. சீதா பொட்டைத் தாண்டவில்லை. பொட்டுக்கு வந்து நின்றாள். ஸ்டிக்கர் சரியாக அவள் நெற்றி நடுவில் இருந்தது, கண்ணாடி பார்த்து ஒட்டிக்கொண்ட மாதிரி. சிவப்புப் பொட்டு. இருபத்திரண்டு வயதுக்கப்புறம் அந்த நெற்றியில் விபூதி தவிர நான் எதையும் பார்த்ததில்லை.

உன்னிடம் சொல்வதற்கென்ன, ஒயரைப் பிடுங்கிப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேல்துண்டுகூட இல்லாமல் சாலைக்கு ஓடினேன். தாழ்ப்பாள் கதையைச் சொல்லவில்லை, இல்லாத ஆள் தெரிகிறது என்று மட்டும் சொன்னேன். செல்வின் சிரித்தார். "சார், பேயும் இல்ல, பிசாசும் இல்ல. பழைய டிவி எப்பவும் படத்துக்க நாலு ஓரத்தையும் கொஞ்சம் முழுங்கிரும். வி.சி.ஆர்ல நீங்க பாத்தது ஓரம் போன படம். இந்தப் பெட்டி படத்தச் சுருக்கி முழுசும் காட்டுது. அந்த அம்மா அண்ணைக்கே அங்கதான் நின்னிருப்பாவ. டிவிதான் காட்டாம வச்சிருந்திருக்கு."

"நகர்ந்தாளே?" என்றேன்.

"ரிமோட்டுல எதையாவது அமுக்கியிருப்பிய."

நான் ரிமோட்டைத் தொடுவதே இல்லை என்பது உனக்குத் தெரியும். பெட்டியை எழுந்துபோய்த்தான் அமுக்குவேன். அது கிடக்கட்டும், அன்றைக்கே அங்கே நின்றிருப்பாள் என்கிறாரே, எப்படி நிற்பாள்? தாழ்ப்பாளைப் போட்டது இந்தக் கை, திறந்ததும் இந்தக் கை. இதை அவரிடம் சொல்ல முடியுமா? "சரி, ஓரத்தை விழுங்குகிற பெட்டி இருந்தால் கொடுங்கள்" என்றேன். முழுப் படம் வேண்டாம், ஓரம் போன படம் போதும் என்று கேட்டு வந்த முதல் ஆள் நான்தானாம்.

அந்த மூன்றாவது பெட்டிதான் இப்போது வீட்டில் இருக்கிறது. உன் நிபந்தனையில் மூன்றுக்குக்கூட அடங்காது. ஆனால் படம் திரையை அடைத்துக்கொண்டு வருகிறது, நாலு ஓரமும் நறுக்கென்று போய்விடுகிறது, தூணே பாதிதான் தெரிகிறது. கெட்டி மேளத்தில் சீதா இல்லை. கண்ணாடிமேல் அந்தப் பொட்டு மட்டும் தோரணத்தின்மேல் தனியாக இருக்கிறது. சுரண்டப் போனேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும், உங்களை என்ன பண்றது?" என்றாள் அம்மா. ஆகவே தீர்மானம் இதுதான்: மூன்றாவது பெட்டியையே வைத்துக்கொள்கிறோம். மீரா வந்தால் இதில்தான் பார்ப்பாள். நீ தயவுசெய்து அவளுக்குத் தனியாகக் காப்பி எதுவும் அனுப்பிவைக்காதே. அனுப்பியே தீர வேண்டும் என்றால் ஓரத்தைக் கத்தரித்துவிட்டு அனுப்பு, உங்கள் ஊரில் அதற்கும் மெஷின் இருக்கும். பதினோராவது தட்டை நாங்கள் இன்னும் போடவில்லை. மீரா குழந்தையின் ஆயுஷ்ஹோமம், இரண்டாயிரத்தொன்றில் எடுத்தது, சீதா போய் மூன்று வருஷம் கழித்து. எடுத்த மாசமே வி.சி.ஆர். உயிரை விட்டதால் அதை இதுவரை யாருமே பார்த்ததில்லை. தீபாவளிக்கு எல்லோருமாகப் பார்க்கிறோம்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நாட்டுப்பெண்ணுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம், நவராத்திரி சுண்டலை அவர்கள் பெயரையும் சொல்லித்தான் விநியோகம் செய்கிறோம். பத்மநாபஸ்வாமி உங்களை ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வார். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

இப்படிக்கு,
அப்பா
பிச்சுமணி

பி.கு.: நான் ஸ்டாம்பு வாங்கப் போன நேரத்தில் உன் அம்மா இதை எடுத்துப் படித்துவிட்டாள். கத்துவாள் என்று பயந்துகொண்டே உள்ளே வந்தேன். கத்தவில்லை. "தாப்பாளை நான் தொறந்தேன்" என்றாள். "கூறைப்புடவை கட்ட மீராவை உள்ளே அழைச்சுண்டு போனேனோல்லியோ, அப்போ சாமான் உள்ளுக்குள்ளே விசும்பற சத்தம் கேட்டது. தொறந்து விட்டேன். தூண் மறைவுல நின்னு தாலி ஏர்றதைப் பாத்துட்டு, அவளே திரும்பி வந்து மூட்டைமேல உக்காந்துண்டா. 'மன்னி, தாப்பாளைப் போட்டுடு, அண்ணா வந்து பாத்தா சங்கடப்படுவான்'னா. போட்டேன். உங்க கிட்டே சொல்ல வேண்டாம்னு கையடிச்சு சத்தியம் வாங்கிண்டா." பதின்மூன்று வருஷம், கைலாஷ். இரண்டு பேரும் சேர்ந்து என்னைச் சங்கடப்படாமல் வைத்திருந்திருக்கிறார்கள். நான் கொல்லைப்பக்கம் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினேன்.

ஆகையால் மேலே எழுதிய தீர்மானம் ரத்து. மூன்றாவது பெட்டியைச் செல்வின் தலையில் கட்டிவிட்டு இரண்டாவதையே வாங்கி வந்துவிட்டேன். ஓரத்தைக் கத்தரிக்காதே. மீராவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். பேயும் இல்லை, பிசாசும் இல்லை, சீதா அன்றைக்கே அங்கேதான் நின்றாள் என்று தெரிந்ததும் மனசு லேசாகி, கையோடு அந்தப் பதினோராவது தட்டையும் போட்டோம். ஹோமம், புகை, குழந்தை அழுகிறது, மீரா சமாதானம் பண்ணுகிறாள். அவளுக்குப் பின்னால், இடது பக்கம் கூடத்துத் தூணை ஒட்டி, பழுப்புப் புடவை. ஓரத்தில் இல்லை, நன்றாகவே உள்ளே வந்து நிற்கிறாள், பொட்டு நெற்றியில் பொருந்தியிருக்கிறது. சிரிக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. பெட்டியை இனி மாற்றுவதாக இல்லை. அம்மா மட்டும் உனக்கு ஒன்று எழுதச் சொன்னாள்: இதற்கு அவள் எந்தக் கதவையும் திறக்கவில்லையாம்.