மாப்பிள்ளை அழைப்பும் மெயின் ஜெட்டும்

மோட்டார் சைக்கிளைக் கெடுக்க முழு முட்டாளால் முடியாது. அவன் அதைத் தொடவே மாட்டான். நன்றாகத் தெரிந்தவனும் கெடுக்க மாட்டான். அதற்கென்று அரைகுறையாகத் தெரிந்தவன் ஒருவன் வேண்டும். அறுபதுகளின் நடுவில் செஞ்சிக்கு இருந்த அந்தக் குறையை நான் தீர்த்துவைத்தேன்.

என்னிடம் இருந்தது பலர் கை மாறி வந்த ஒரு டூ-ஸ்ட்ரோக் வண்டி. ஐம்பது மைல் வேகம் வரை ஒழுங்காகப் போகும். அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் சத்தம்தான் ஏறும். எங்கள் ஊரில் யாருக்கும் ஐம்பதுக்கு மேல் போக வேண்டிய அவசரம் இருக்கவில்லை. (எனக்கும் இல்லை. போய்ச் சேர ஒரு வேலையே கிடைத்திருக்கவில்லை.) ஆனால் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில், சைலன்சரையும் கார்புரேட்டரையும் திருத்தினால் உச்ச வேகம் கூடும் என்று படித்துவிட்டேன். கட்டுரையின் அடுத்த பக்கம் கிழிந்துபோயிருந்தது. எச்சரிக்கைகள் அதில் இருந்திருக்க வேண்டும்.

கூட்டாளி காதர். கடைத்தெருவில் பெட்ரோமாக்ஸ் விளக்குகளை வாடகைக்கு விடுவதும் பழுது பார்ப்பதும் அவன் குடும்பத் தொழில். கார்புரேட்டரைப் பிரித்துச் சாக்கின் மேல் பரப்பியதும், குனிந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான்.

"டேய், இது ஒண்ணுமில்ல. படுக்க வச்ச பெட்ரோமாக்ஸ்."

"இன்னாடா சொல்ற?"

"பின்ன? அதுல கிரசின் போவுது, இதுல பெட்ரோல் போவுது. ஓட்டையப் பெரிசாக்குனா அங்க வெளிச்சம் ஜாஸ்தி, இங்க ஸ்பீடு ஜாஸ்தி. அவ்ளோதான்."

கல்லூரியில் பௌதிகம் படித்தவனான எனக்கு இந்த விளக்கம் முழுத் திருப்தி அளித்தது. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் பித்தளைத் துளைக்கு மெயின் ஜெட் என்று பெயர். அதை விளக்குக்கான ஊசியையும் சின்ன அரத்தையும் கொண்டு குடைந்து அகலமாக்கினோம். சைலன்சருக்குள் சத்தத்தை அடக்குவதற்காக இருந்த குழாயை உருவி எறிந்தோம். உற்சாகம் அடங்காமல் சைலன்சரின் வால் பகுதியையும் ரம்பத்தால் அறுத்தோம்.

திண்டிவனம் சாலையில் சோதனை ஓட்டம். முள் அறுபதைத் தாண்டி நடுங்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த காதர் அல்லாவைக் கூப்பிட்டான். எனக்கு அது பாராட்டாகக் கேட்டது. ஒரு சின்னக் குறைதான். இருபது மைலுக்குக் கீழே வந்தால் வண்டி இருமியது, புகையைக் கக்கியது, செத்தது.

"கீழ இழுவ கம்மியாயிட்டுதுடா" என்றான் காதர்.

"கீழ யாருக்குடா வேணும்? மேல பாத்தியா?" என்றேன்.

அடுத்த வாரம் என் தங்கை கமலாவுக்குக் கல்யாணம். ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் பேசி முறிந்திருந்ததால், நைனா இந்தக் கல்யாணத்தை எண்ணெய்க் குடத்தைத் தலையில் வைத்து நடப்பவர் போல நடத்திக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை சுந்தரம், பள்ளிக்கூட வாத்தியார். வாயே திறக்காத மனிதர். அவருக்கும் சேர்த்து அவருடைய தாய்மாமன் பேசினார். காலையில் வந்து இறங்கியதிலிருந்து காப்பி ஆறியிருந்தது, பந்தல் தாழ்ந்திருந்தது, ஜமக்காளத்தில் சுருக்கம் இருந்தது. இன்னும் ஒரு குறை அகப்பட்டால் மருமகனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார் என்று நைனா பயந்தார்.

அந்தக் குறை சாயங்காலமே வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்குப் பேசியிருந்த கார் வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டது.

"நடந்து வரவா எங்க புள்ள மால போட்டுக்கினு நிக்கறான்?" என்றார் தாய்மாமன்.

மாப்பிள்ளையை மேளதாளத்தோடு அழைத்துவர வேண்டியவன் பெண்ணின் அண்ணன். நான் முன்னால் வந்தேன். "நைனா, நம்ம வண்டி இருக்குது" என்றேன். அந்தக் குரலில் இருந்த பெருமிதத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. காதர் மட்டும் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். ஊர்வலத்துக்கு விளக்கு அவனுடையது. வண்டியைப் பற்றியும் அவனுக்குத் தெரியும்.

மாப்பிள்ளை என் பின்னால் ஏறி உட்கார, பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. உலகத்தில் நாதஸ்வர ஊர்வலத்தைவிட மெதுவாக நகரும் ஒன்றை நான் அறியேன். நாலு எட்டு வைப்பார்கள், நின்று ஒரு ராகத்தை இழுப்பார்கள், தவில்காரர் தன் பங்குக்குப் பொழிவார். அதற்குள் என் வண்டி பத்து தடவை சாகத் தயாராகியது. மாப்பிள்ளை வரும் வண்டி நடுத்தெருவில் செத்தால் அபசகுனம். எனவே கிளச்சைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முறுக்கினேன். அறுத்த சைலன்சர் அலறியது. தவில்காரர் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டு இன்னும் ஓங்கி அடித்தார். நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டுத் திரும்பி முறைத்தார். பின்னால் பட்டுச் சட்டையில் வந்துகொண்டிருந்த தாய்மாமன்மேல் எண்ணெய் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது.

"ஏம்பா, இது வண்டியா, மல்லாட்டை செக்கா?" என்று கத்தினார். (மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை.)

அவரை விட்டுக் கொஞ்சம் விலகினால் போதும் என்று இன்னும் முறுக்கினேன். அந்த நேரம் பார்த்து இஞ்சினில் எரியாமல் தேங்கியிருந்த பெட்ரோலெல்லாம் எரிந்து தீர்ந்தது. கை வியர்த்துக் கிளச் நழுவியது. திண்டிவனம் சாலையில் நான் கண்ட அந்த சக்தி மொத்தமும் கடைத்தெருவில் வந்து இறங்கியது.

தவில்காரர் ஒரு பக்கமும் நாதஸ்வரக்காரர் மறுபக்கமும் குதித்தார்கள். கல்யாண வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நிற்பதைப் பார்த்தேன். பிறகு அவர்களைக் கடந்துவிட்டதையும் பார்த்தேன்.

"மச்சான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மாப்பிள்ளை என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "வூடு போயிட்டுது."

"தெரியும் மாப்ள."

"நிறுத்தலியா?"

"நின்னா மறுபடி கிளம்பாது மாப்ள."

என் கணக்கு எனக்குத் தெளிவாகவே இருந்தது. திரும்ப வேண்டுமானால் வேகம் குறைய வேண்டும். குறைந்தால் வண்டி சாகும். ஆகவே வேகம் குறையாமலே திரும்பக்கூடிய அகலமான இடம் தேவை. திருவண்ணாமலைச் சாலையில் அப்படி ஓர் இடம் இல்லை. கோட்டை மதிலைத் தாண்டினோம். இரண்டு மலைகளுக்கும் நடுவே போனோம். மாலையிலிருந்த பூக்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. பெரிதாக்கிய ஜெட் பெட்ரோல் முழுவதையும் குடித்து முடித்த இடத்தில், ஆளரவமில்லாத ஒரு புளியமரத்தடியில், வண்டி தானாக நின்றது.

திரும்பி வந்தது மூட்டை ஏற்றிய ஒரு மாட்டுவண்டியில். மாப்பிள்ளையை மூட்டைமேல் உட்காரவைத்துவிட்டு நான் பின்னால் நடந்தேன். அதற்குள் ஊரில், மாப்பிள்ளைக்குப் பெண் பிடிக்கவில்லை, ஓடிவிட்டார் என்று ஒரு கட்சியும், பெண்ணின் அண்ணனுக்கு மாப்பிள்ளை பிடிக்கவில்லை, கடத்திவிட்டான் என்று ஒரு கட்சியும் உருவாகியிருந்தன. நைனா பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் கமலாவின் முகம் தெரிந்தது. அவள் பார்த்தது மாப்பிள்ளையை அல்ல, என்னை. அந்தப் பார்வையை வர்ணிக்க மாட்டேன்.

தாய்மாமன் பையைத் தோளில் மாட்டியிருந்தார். "சுந்தரம், இந்தக் குடும்பத்துல பொண்ணு எடுக்கணுமா? ஒரு வார்த்த சொல்லு, கடேசி பஸ்ஸு இருக்குது."

மாப்பிள்ளை கழுத்தில் மிச்சமிருந்த வாழைநாரைக் கழற்றினார். முகத்தில் கரி. ஜன்னலை ஒரு தரம் பார்த்தார்.

"பொண்ணு வேணும் மாமா" என்றார். "ஆனா மச்சான் ஓட்டற எதுலயும் இனிமே நான் ஏற மாட்டேன். அதுக்கு ஒத்துக்கிட்டா தாலி கட்றேன்."

"சத்தியமா ஒத்துக்கறேன் மாப்ள!" என்று கத்தினார் நைனா. முதலில் சிரித்தது தவில்காரர். கடைசியில் தாய்மாமன்.

சுந்தரம் அந்த நிபந்தனையைத் தளர்த்தவே இல்லை. பிறகு நான் ஸ்கூட்டர் வாங்கினேன், கார் வாங்கினேன். கமலா ஏறிக்கொள்வாள்; அவர் பஸ்ஸில் வருவார். போன மாதம் சென்னையில் என் வீட்டுக்கு வந்தார்கள். நான்காவது மாடி. லிப்டுக்குள் ஒரு காலை வைத்தவர், நின்று என்னைப் பார்த்தார்.

"மச்சான், பட்டன அழுத்தறது யாரு?"

"நான்தான் மாப்ள."

காலை வெளியே எடுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி படியேறத் தொடங்கினார்.