நிச்சயதார்த்தத்தில் எழுந்த ஈக்கள்

படித்தவர்களில் இரண்டு வகை உண்டு. படித்ததை வெளியே காட்டிக்கொள்ளாதவர்கள் ஒரு வகை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிப்போகும்வரை அதைச் சொல்லித் தீர்ப்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகையில் கடைந்தெடுத்த ரகம். தூங்கினாலும் எழுப்பிச் சொல்வேன்.

அப்போது சென்னையில் பழ ஈயை வைத்து பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். வாழைப்பழம் கொஞ்சம் கனிந்தால் போதும், எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, அந்தக் கடுகளவு ஜந்துதான். அது புழுவாக இருக்கும்போது மூளையில் நரம்பு செல்கள் கிளை விட்டு நீண்டிருக்கும். கூட்டுப்புழு ஆனதும் ஒரு மரபணு 'வெட்டு' என்று உத்தரவு போடும். பழைய கிளைகள் உதிர்ந்து, ஈக்குத் தேவையான கிளைகள் புதிதாக முளைக்கும். நான் வளர்த்த ஈக்களில் அந்த மரபணு பழுது. அதனால் ஈயான பிறகும் புழுக்காலத்துக் கிளைகள் மண்டைக்குள் அப்படியே கிடக்கும். (என் மண்டைக்குள் என்ன கிடந்தது என்று யாரும் ஆராயவில்லை.) இந்த வம்சத்தை உருவாக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அந்தத் திமிர் வேறு.

அந்த மே மாதம் செஞ்சியில் எங்கள் வீட்டில் அக்கா ஜெயராணிக்கு நிச்சயதார்த்தம். அதற்கு முன் பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனதோடு சரி. இந்த மாப்பிள்ளையை அக்காவுக்கே பிடித்திருந்தது. "இதுல மட்டும் எதுவும் கெட்டுப்போவக் கூடாதுடி" என்று போனில் சொன்னாள். போயும் போயும் என்னிடம் சொன்னாள், பாவம்.

"ரெண்டு நாள்தானே, உன் ஈயை நான் பாத்துக்கறேன்" என்றாள் லேப் தோழி. என் ஈயை என்னைத் தவிர இன்னொருத்தி பார்ப்பதாவது! பஞ்சு அடைத்த குழாய்கள் அத்தனையையும் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வம்சம் மிஞ்ச ஒரே ஒரு குழாயை லேபிலேயே விட்டுவந்திருக்கலாம். அதற்குக் கொஞ்சம் அறிவு வேண்டும்.

மே மாதத்தில் எங்கள் ஊர்ப் பாறைகள் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியெல்லாம் திருப்பித் தரும். ஈக்கு அந்தச் சூடு ஆகாது. வீட்டில் ஏசி இருந்தது முன்னறையில் மட்டும்தான், அதுவும் மாப்பிள்ளை வீட்டாருக்காக நைனா புதிதாக மாட்டியது. பழத்தட்டுகளும் அங்கேதான் இருந்தன. மாம்பழம், பலாச்சுளை, திராட்சை, வாழை. நிச்சயத்தன்று காலையில் ஈக்களை ஆண், பெண் என்று பிரிக்க அந்த அறையிலேயே உட்கார்ந்தேன்.

லேபில் ஈயை மயக்க கேஸ் உண்டு. வீட்டில் ஏது? ஐஸ்கட்டி மேல் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்து, எல்லா ஈயையும் அதில் கொட்டினேன். குளிரில் ஈ செத்த மாதிரி மல்லாந்துவிடும். சூடு பட்டால் எழுந்துகொள்ளும்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "நல்ல காரியம் நடக்கற எடத்துல இன்னாடி இது கருமம்?"

"இது சயின்ஸ்மா. உனக்குப் புரியாது."

"எழுந்துக்காதா?"

"ஏசி ஓடற வரைக்கும் ஐஸ் உருகாது, எழுந்துக்காது."

செஞ்சியில் பிறந்து வளர்ந்தவள், மே மாதத்தில், கரண்டை நம்பினேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை இன்றுவரை நான் செய்யவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் சீக்கிரமே வந்துவிட்டார்கள். ஐஸோடு தட்டைத் தள்ளி, பழ மேஜைக்கு அடியில் துணி மறைவில் வைத்தேன். ஒரு மூடிகூடப் போடவில்லை.

மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர். "நீ இன்னாம்மா படிக்கிற?" என்று மரியாதைக்குக் கேட்டுவிட்டார். விட்டேனா? புழு, கூடு, நரம்பு என்று பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டேன்.

"ஈக்கு மூளையெல்லாம் இருக்குதா?"

"சில மனுஷங்களைவிட நல்லாவே இருக்குதுங்க."

நைனா இருமினார். மாமா சிரிக்கவில்லை.

நல்லவேளையாக எங்கள் சர்ச் உபதேசியார் ஜெபத்துக்கு எழுந்தார். எல்லோரும் நின்று கண்ணை மூடினோம். எங்கள் உபதேசியார் நிச்சயதார்த்தமென்றால் ஆதாம் ஏவாளிலிருந்து தொடங்குவார். நோவா வருவதற்குள் ஏசி நின்றது. ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். அறை புழுங்க ஆரம்பித்தது, ஏற்கெனவே முக்கால்வாசி உருகியிருந்த ஐஸும் தண்ணீராகிப் போயிருக்கும். ஜெபம் ஆபிரகாமைத் தாண்டவில்லை, மேஜைத் துணி ஓரத்தில் முதல் ஈ எழுந்து வந்தது. அப்புறம் அதன் சொந்தபந்தம் மொத்தமும். கை கூப்பி நின்றவளால் என்ன செய்ய முடியும்? ஆண்டவரே, ஜெபத்தைச் சுருக்கும் என்று மனதார வேண்டினேன். "இந்த மக்களை ஆ..." என்று உபதேசியார் வாயைத் திறந்தார், ஒன்று உள்ளே போய்விட்டது. அவர் இருமிய இருமலில் எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள்.

பழத்தட்டுகள் கறுத்துக் கிடந்தன.

"இன்னா சம்பந்தி, அழுகிப்போன பழத்தை வெச்சிக்கினுதான் எங்களைக் கூப்ட்டீங்களா? கெளம்புங்கப்பா!" என்றார் மாமா.

நைனா ஒரு மாம்பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். "பழம் நல்ல பழங்க! ஈ என்னோடது!" என்று கத்தினேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். சோபாவில் உட்கார்ந்த ஒன்றை மாமா ஓங்கி அடித்தார். "ஐயோ அடிக்காதீங்க! ரெண்டு வருஷ உழைப்பு!" என்று குழாயும் கையுமாக அவர் காலடியில் தவழ்ந்தேன். அக்காவின் கல்யாணம் வாசல்வரை போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது, நான் ஈ பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

உள்ளறைக் கதவு படாரென்று திறந்தது. கூப்பிடும்வரை வெளியே வரக்கூடாத மணப்பெண், பட்டுப்புடவையோடு வந்து நின்றாள். கையில் கொசு மருந்து டப்பா.

"அக்கா, வேணாம்க்கா!"

"உன் ஈ பெருசா, என் கல்யாணம் பெருசா?"

சட்டென்று பதில் சொல்லியிருக்க வேண்டும். நான் யோசித்தேன். வெட்கக்கேடு.

அவள் யோசிக்கவில்லை. அறை முழுக்க அடித்தாள். புழுவும் கூடுமாய் மிச்சமிருந்த குழாய்களின் பஞ்சையும் பிடுங்கி அவற்றுக்குள்ளும் அடித்தாள். அடித்து முடித்து, மூக்கைக் கைக்குட்டையால் பொத்தி நின்ற மாப்பிள்ளையை நேராகப் பார்த்து, "உங்களுக்கும் கெளம்பணுமா?" என்று கேட்டாள். குரல் உடைந்துவிட்டது.

அவர் கைக்குட்டையை எடுத்தார். "மாமா, செருப்பைக் கழட்டுங்க. இந்தப் பொண்ணுதான்."

நிச்சயம் வாசல் வேப்பமர நிழலில் பழமே இல்லாமல் நடந்தது. உபதேசியார் பல்லைக் கடித்தபடி ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார். என் வம்சம் பூண்டோடு போயிற்று. நான் முதலிலிருந்து தொடங்கிப் பட்டம் வாங்குவதற்குள் அக்காவுக்கு மகள் பிறந்து, அவள் பேசவும் ஆரம்பித்துவிட்டாள். அவள் பேசக் கற்ற நாளிலிருந்து எனக்குப் பெயர் ஈ சித்தி.

இன்றைக்கும் அந்தத் தாய்மாமன் என்னைப் பார்த்தால் வாழைப்பழத்தை ஒரு தட்டுத் தட்டி, "டாக்டரம்மா, எல்லாம் தூங்குதா?" என்பார். அக்கா வீட்டு ஷோகேஸில் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் அந்தக் கொசு மருந்து டப்பா நிற்கிறது. வாராவாரம் தூசி துடைக்கிறாள்.

போன கிறிஸ்துமஸுக்கு அவள் மகள் கேட்டாள்: "ஈ சித்தி, வேண்டாத பழசையெல்லாம் மூளையே வெட்டிடுமாமே. நமக்கும் வெட்டுமா?"

நான் தொண்டையைக் கனைத்துப் பாடம் எடுக்கத் தயாரானேன். அதற்குள் சமையலறையிலிருந்து அக்கா குரல் வந்தது.

"நம்ம குடும்பத்துல அந்த ஜீன் ரிப்பேருடி. எதையும் வெட்டாது."

இத்தனை வருஷத்தில் என் ஆராய்ச்சியைச் சரியாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.