எல்இடிக்குப் பூச்சி வராது

வீடு கட்டுகிறவர்களுக்குக் கடைசி மாதத்தில் ஏதாவது ஒரு பைத்தியம் பிடிக்கும். சிலருக்கு டைல்ஸ், சிலருக்குக் கதவுக் கைப்பிடி. எனக்கு விளக்கு.

அனுமந்தன்பட்டியில், வயலுக்கு நேர் எதிரே, என் வீட்டுக்காரர் புது வீடு கட்டினார். நானோ தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் வளர்ந்தவள். வயல் என்பது பஸ் ஜன்னலில் தெரிகிற ஒரு பச்சை, அவ்வளவுதான். இந்தத் தகுதியோடு செல்போனில் வீடியோ பார்த்து, எந்த அறைக்கு எந்த வெளிச்சம் என்பதைக் கரைத்துக் குடித்திருந்தேன். படுக்கையறைக்கு இதமான மஞ்சள். சமையலறைக்கு நிழல் விழாத வெள்ளை. ஹாலில் ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒளிந்து எட்டிப் பார்க்கும் கலர் விளக்கு, அதற்கென்று ஒரு ரிமோட். வீடு பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் "கெல்வின் கணக்குப்படி போட்டிருக்கோம்" என்பேன். (வெளிச்சத்தின் நிறத்தை அளக்கிற கெல்வினை, எலக்ட்ரீஷியன் பெயர் என்று என் மாமனார் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.)

மிச்சமிருந்த அறிவையெல்லாம் வாசலில் கொட்டினேன். போர்ட்டிகோவின் எல்லா மூலையிலும் பளீரென்ற வெள்ளை விளக்கு. வயலின் மறுகரையில் நடக்கிறவரின் சட்டைப் பொத்தான்கூடத் தெரியும்.

என் மாமியார் மட்டும் தயங்கினார்.

"கதிர் பால் பிடிக்கிற சமயத்துல இங்கன யாரும் வாசல்ல இப்பிடி வெளக்குப் போட மாட்டாகத்தா. பூச்சி அடையும்."

"அது குண்டு பல்பு காலத்துல அத்தே. எல்இடிக்குப் பூச்சி வராது."

இதை நான் எங்கும் படிக்கவில்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். சொன்ன தோரணையில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு, என் நாத்தனார் பவித்ராவைப் பெண் பார்க்கச் சின்னமனூரிலிருந்து வருவதாகச் சேதி வந்தது. மாப்பிள்ளை சரவணன் காலேஜில் அவளுக்கு சீனியர். இருவரும் ஏற்கெனவே மனசுக்குள் கல்யாணம் முடித்துவிட்டு, ஒப்புக்குத்தான் ஜாதகத்தை அனுப்பியிருந்தார்கள். குறுக்கே நின்ற ஒரே மலை சரவணனின் அம்மா. பெண் பார்க்கப் போன எந்த வீட்டிலும் குறை சொல்லாமல் அவர் எழுந்ததில்லையாம்.

பவித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, அந்தம்மா வேணாம்னு சொல்லிட்டாகன்னா, அவ்வளவுதான். அவரு அம்மா பேச்சைத் தாண்ட மாட்டாரு." கண் கலங்கியிருந்தது.

"நான் இருக்கும்போது என்ன பயம்?" என்றேன். (அவள் பயந்ததே அதற்குத்தான் என்பது இப்போது புரிகிறது.)

ஞாயிற்றுக்கிழமை, ராகுகாலம் கழித்து ஆறு மணிக்கு மேல் வருவதாகச் சொன்னார்கள். எனக்குக் கொண்டாட்டம். பகலில் வந்தால் என் விளக்கை யார் பார்ப்பது? பவித்ரா உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலே தனியாக ஒரு ஸ்பாட் லைட் வேறு போட்டு வைத்தேன்.

கார் தெருவில் திரும்பியதும் வீட்டிலிருந்த அத்தனை சுவிட்சையும் தட்டினேன். சரவணனின் அம்மா இறங்கி, கண்ணைச் சுருக்கி, "என்னத்தா, ஊர்ல திருவிழாவா?" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். பவித்ரா கேசரி கொடுத்துவிட்டுத் தன் வெளிச்சத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தாள். சரவணனின் அப்பா கேசரியில் பச்சையாக ஏதோ கிடப்பதைப் பார்த்து, ஏலக்காய்த் தோல் என்று ஸ்பூனால் ஒதுக்கினார். ஏலக்காய் நடந்து போனது.

பிறகு வந்தது ஒன்றிரண்டு இல்லை. எதிர் வயலில் இருந்த பூச்சி மொத்தமும் குடும்பத்தோடு பெண் பார்க்க வந்துவிட்டது. காபிக்குள், காலருக்குள், மாமனாரின் மூக்குக்கண்ணாடிக்குள். நான் ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினேன். உள்ளே வந்தவை வெளியே போக முடியாமல் போனதுதான் மிச்சம். சரி, ஹால் விளக்கையாவது அணைப்போம் என்று ரிமோட்டை அமுக்கினேன். அணையவில்லை, சிவப்பானது. மறுபடி அமுக்கினேன். பச்சை, நீலம், ஊதா என்று மாறி மாறி மினுக்க ஆரம்பித்துவிட்டது. அந்த மினுக்கலில் சம்பந்தி வீட்டார் எழுந்து நின்று கையையும் காலையும் உதறிய காட்சியை, ஆட்டம் என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. எல்லாவற்றையும் விட மோசம், நான் ஆசையாகப் போட்ட ஸ்பாட் லைட். பவித்ராவின் தலையில் மல்லிகையைவிடப் பூச்சி அதிகம் இருந்தது.

"அண்ணி, அதைக் கீழ வைங்க!"

அப்படி ஓர் அதட்டலை அவளிடம் நான் கேட்டதில்லை. பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணே, மெயினை ஆஃப் பண்ணு. கதவு, ஜன்னல் எல்லாத்தையும் தொறங்க."

வீடு இருண்டது. கொல்லைப்பக்கம் அண்டாவை இழுக்கும் சத்தம் கேட்டது. "யாராச்சும் அந்தப் பக்கம் பிடிங்களேன்" என்றாள். "பிடிச்சிட்டேன்" என்றது சரவணனின் குரல். இருவரும் தண்ணீரோடு அண்டாவைத் தூக்கிப் போய், வயலோரம் வைத்து, அதற்கு மேலே ஒரு சார்ஜ் லைட்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பூச்சிகள் அந்த ஒற்றை வெளிச்சத்தைத் தேடிப் போய் அண்டாத் தண்ணீரில் விழத் தொடங்கின.

நான் சமையலறையின் நிழல் விழாத இருட்டில் நின்று அழுதுகொண்டிருந்தேன். விளக்குக்காக இல்லை. என்னை நம்பிய பெண்ணின் கல்யாணத்தை ஒரு ரிமோட்டால் அணைத்துவிட்டேனே என்றுதான்.

வாசலில் சரவணனின் அம்மாவின் குரல் கேட்டது.

"ஏத்தா, தண்ணியில மண்ணெண்ணெய் விட்டியா?"

"விட்டுட்டேன் அத்தே."

"ஏலே சரவணா, நம்ம வீட்டுக்கு எதுக்கவும் வயல்தான. இந்தப் பிள்ளை வந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்லே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடினேன். சரவணனின் அம்மா என் மாமியாரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு நகை நட்டுன்னு ஒண்ணும் வேணாம். ஒரே ஒரு கண்டிசன். கல்யாண மண்டபத்துல லைட்டு வேலையை மட்டும் உங்க மருமக பாக்கக் கூடாது."

எங்கள் வீட்டார் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சம்மதித்தார்கள். என்னைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கல்யாணம் மட்டுமில்லை, ரிசப்ஷனும் பட்டப்பகலில்தான் நடந்தது. பந்தியில் மண்டபத்து விளக்குகளை நான் லேசாக அண்ணாந்து பார்த்தபோது, பரிமாறிக்கொண்டிருந்த சம்பந்தியம்மா இலையில் இன்னொரு வடையை வைத்து, "நீ சாப்பிடுத்தா. மேல பாக்காத" என்றார்.

அன்றிலிருந்து அது எங்கள் குடும்பத்தின் வாசகமாகிவிட்டது. யார் வீட்டுக்குள் நான் நுழைந்தாலும் வரவேற்புக்கு முன்னால் எனக்கு அதுதான் கிடைக்கும். போன மாதம் கோயிலில் கோபுரத்தைக் கும்பிட அண்ணாந்தேன். பின்னாலிருந்து என் மகளின் குரல் கேட்டது:

"அம்மா, மேல பாக்காத."