தொண்ணூற்றைந்து மாத்திரையும் என்னைத் தெரியாத மிஷினும்

19-02-2026, வியாழக்கிழமை, காலை மணி 10.40.
இடம்: என் சொந்த ஆபீஸ், விசிட்டர்கள் உட்காரும் அறை.
மிச்சமிருக்கும் மாத்திரை: 95 (சட்டைப்பையில் இருக்கும் ஐந்தையும் சேர்த்து).

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலமா என்று கேட்டுத் தொடங்குவது முறை, கேட்டுவிட்டேன். நான் நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் நீ அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாய். ஆகவே அறுபது சதவீதம் நலம் என்று வைத்துக்கொள். போனில் சொல்வதற்கென்ன என்பாய். போனில் உன்னிடம் நான் ஒரு வாக்கியத்தை முடித்ததாகச் சரித்திரமே கிடையாது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதற்காகவே ரிசப்ஷனில் கெஞ்சி இரண்டு வெள்ளைத்தாள் வாங்கியிருக்கிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். காலை எட்டு மணிக்கு வழக்கம்போல் "போட்டாச்சா?" என்றாய். "போட்டாச்சு" என்றேன். போடவில்லை. இனி போடப்போவதும் இல்லை. இன்றோடு ஸ்டீராய்டை நிறுத்துகிறேன். இது கோபத்தில் எடுத்த முடிவு இல்லை, முழுக்க முழுக்க டெக்னிக்கல் முடிவு. கத்தாதே, காரணத்தைப் படி.

மாத்திரை வேலை செய்யவில்லை என்று நான் சொல்லவே இல்லை. இந்த குரோன்ஸ் நோய் வந்து என் குடல் புண்ணாகிக் கிடந்த ஜனவரியில் ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை டாய்லெட், எடை நாற்பத்தேழு கிலோ, எந்த கஸ்டமர் ஆபீசுக்குப் போனாலும் முதலில் டாய்லெட் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் மிஷின் எந்தப் பக்கம் என்று கேட்பேன். இப்போது இரண்டு தடவை, வலியும் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குடலுக்கு என்று கொடுத்த மருந்து கன்னத்திலும் போய் வேலை செய்தால் என்ன அர்த்தம்? முகம் பூசணிக்காய் மாதிரி உருண்டுவிட்டது. உன் பொண்ணு வீடியோ காலில் என்னைப் பார்த்துவிட்டு, "அம்மா, மாமாவை யாரோ முழுங்கிட்டாங்க" என்று அழுதாளே, ஞாபகம் இருக்கா? ஹவுஸ் ஓனர் அம்மாவோ நேர் எதிர். நான் எலும்பும் தோலுமாகப் படியேறியபோதெல்லாம் வாடகை தவிர வேறெதுவும் பேசாதவர், இப்போது நிறுத்தி வைத்து, "இப்பதான் தம்பி ஆளு பாக்க லட்சணமா இருக்கீங்க, என்ன சாப்பிடறீங்க, என் பையனுக்கும் சொல்லுங்க" என்கிறார். என்ன சொல்வது? காலையில் ஐந்து ஸ்டீராய்டு, வெறும் வயிற்றில் கூடாது என்றா?

பசியைப் பற்றிக் கேட்காதே. போன வாரம் கஸ்டமருக்கு வைத்த பிஸ்கட் தட்டை நான் காலி செய்துவிட்டேன். எடுத்தது தெரியும், முடித்தது தெரியாது, கஸ்டமர் தட்டைப் பார்க்கிறார், மேனேஜர் என்னைப் பார்க்கிறார், நான் பக்கத்தில் இருந்த இன்னொரு தட்டைப் பார்க்கிறேன். கை வேறு நடுங்குகிறது. ஸ்க்ரூ ஒன்றைத் துளையில் வைக்க நாலு தடவை குறி பார்க்க வேண்டியிருக்கு. கோபமும் அப்படித்தான், பிரிண்டர் பேப்பரை மென்றதற்கு அதோடு பத்து நிமிஷம் சண்டை போட்டிருக்கேன், அதுவும் எல்லாரும் பார்க்கிற மாதிரி.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். மிஷின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஆபீஸ் வாசலில், நாங்களே விற்கிற, முகத்தைப் பார்த்து வருகை பதிந்து கதவு திறக்கிற மிஷின் இருக்கிறதல்லவா, அதை இரண்டு வருஷம் முன்னால் மாட்டியவன் நான். முகம் எண்பது சதவீதம் ஒத்துப்போனால் திறக்கும்படி வைக்கச் சொல்கிறது அதன் கையேடு. நான் தொண்ணூற்றிரண்டு வைத்தேன். "இரட்டைப் பிறவியே வந்தாலும் உள்ள நுழைய முடியாது சார்" என்று மேனேஜரிடம் மார்தட்டினேன். அதன் செட்டிங்கை மாற்றுவதற்கான அட்மின் பூட்டும் என் முகத்துக்குத்தான் திறக்கும். "இன்னொரு ஆளையும் அட்மினா போட்டு வைப்பா" என்றார் அவர். "எதுக்கு சார், நான் எங்க போயிடப் போறேன்?" என்றேன்.

எங்கேயும் போகவில்லை, அக்கா. முகம்தான் போய்விட்டது.

பதினாறு நாள் லீவு முடிந்து பிப்ரவரி ஐந்தாம் தேதி வந்து நின்றேன். "அடையாளம் தெரியவில்லை" என்றது. கண்ணாடியைக் கழற்றினேன், தலையைச் சாய்த்தேன், கன்னத்தை உள்ளே உறிஞ்சிக்கொண்டு நின்றேன். பின்னால் பன்னிரண்டு பேர் வரிசை. என் புது முகத்தைப் பதியலாம் என்றால் அட்மினைத் திறக்கணும், அட்மினைத் திறக்க என் பழைய முகம் வேணும். மொத்தத்தையும் அழித்துப் புதிதாகத் தொடங்க ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் இருநூற்றுப் பதினாலு பேர் முகமும் போய்விடும், எல்லாரும் மறுபடி வரிசையில் நின்று பதியணும், ஏன் என்று ஒவ்வொருத்தரும் கேட்பாங்க, ஒவ்வொருத்தருக்கும் என் குடலில் ஆரம்பித்துக் கதை சொல்லணும். செத்தாலும் முடியாது.

வாசலில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணனிடம், "அண்ணே, நான்தான்னு உங்களுக்குத் தெரியுமில்ல?" என்றேன்.

"எனக்குத் தெரியும் சார். அந்த நடை, அந்த எரிச்சல், வேற யாருக்கு வரும்? மிஷினுக்குத் தெரியலையே. மிஷின் சொல்லாம ஆளை விடக்கூடாதுன்னு நீங்கதான சார் எழுதி ஒட்டினீங்க?"

ஒட்டினேன். என் கையெழுத்தோடு இன்னும் சுவரில் இருக்கிறது. அதனால் பத்து வேலை நாளாக விசிட்டர் நோட்டில் எழுதிவிட்டு உள்ளே போகிறேன். "யாரைப் பார்க்க" என்ற கட்டத்தில் என் பெயரையே எழுதுகிறேன். அண்ணன் ஒவ்வொரு நாளும் முகம் மாறாமல், "அவர் சீட்ல இருக்காரான்னு கேட்டுச் சொல்லவா சார்?" என்கிறார். இன்று பதினோராவது நாள். ஒரே விசிட்டருக்குப் பத்து நாளுக்கு மேல் அனுமதி இல்லையாம். அதை எழுதியது யார் என்று நீ கேட்கவே வேண்டாம்.

மேனேஜர் வாசலுக்கே வந்தார். இதே மிஷினை வாங்குவதற்காகத் திங்கட்கிழமை ஒரு பெரிய கஸ்டமர் பார்க்க வருகிறார். "இங்க பாரு, திங்கட்கிழமைக்குள்ள அது உன்னை அடையாளம் கண்டுக்கணும். இல்லேன்னா நாங்களும் உன்னை அடையாளம் கண்டுக்க மாட்டோம்" என்றார். கூடவே வந்த எச்.ஆர். மேடம், பத்து நாளும் நான் வரவில்லை என்று மிஷின் அடித்துக் கொடுத்த தாளை நீட்டி, "கீழ ஒரு கையெழுத்து" என்றார். என்னை எதிரில் நிற்கவைத்துக்கொண்டே! வாங்கி மடித்துப் பையில் திணித்தேன். படிக்கவில்லை, படித்தால் ரத்தம் கொதிக்கும்.

ஆகவே டெக்னிக்கல் தீர்வு ஒன்றுதான். வீக்கத்துக்குக் காரணம் மாத்திரை. மாத்திரையை நிறுத்தினால் வீக்கம் இறங்கும், பழைய முகம் திரும்பும், மிஷின் திறக்கும். "எட்டு, ஏழு, ஆறுன்னு வாரத்துக்கு ஒண்ணா குறைச்சுத்தான் இறங்கணும், நீங்களா நடுவுல நிறுத்தினா உடம்பு தாங்காது, நோயும் திரும்பும்" என்று டாக்டர் சொன்னதை நீ பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டது தெரியும். முகம் இறங்க மாதக்கணக்கு ஆகும் என்றும் சொன்னார். அவருக்கு மாதம் இருக்கிறது, எனக்குத் திங்கட்கிழமைதான் இருக்கிறது. அழுதுகொண்டு போன் பண்ணாதே. முடிவு முடிவுதான்.

அத்தானுக்கு என் வணக்கம், அவர் முதுகுவலியை விசாரித்ததாகச் சொல். அவருக்காவது ஸ்டீராய்டு இல்லாத வைத்தியம் அமையட்டும். சின்னவளுக்கு முத்தம். திருப்பித் தரச் சொல், கன்னத்தில் இப்போது இடம் தாராளம்.

இப்படிக்கு,
உன் சொல் கேட்காத தம்பி

பின்குறிப்பு: வெள்ளைத்தாள் தீர்ந்துவிட்டது. உன் விலாசம் எழுதிப் பார்க்கத் தாள் தேடி, எச்.ஆர். மேடம் கொடுத்ததையே எடுத்துத் திருப்பினேன். இந்தப் பின்குறிப்பு அதன் முதுகில்தான் இருக்கிறது. நீயும் திருப்பிப் பார். வந்தார், வரவில்லை என்பதற்குப் பக்கத்தில், என் முகம் எத்தனை சதவீதம் ஒத்துப்போனது என்றும் மிஷின் நவம்பரிலிருந்து அடித்திருக்கிறது. பிப்ரவரியில் 85, 84, 83. சரி, அது மாத்திரை. ஆனால் நவம்பரில் 96. டிசம்பரில் 94, அப்புறம் 93. ஜனவரி ஒன்பதாம் தேதி 92. ஜனவரி பத்தொன்பது: 91, 91, மூன்றாவது தடவை 92. அன்றைக்கு லென்ஸில் தூசி என்று நினைத்துக் கைக்குட்டையால் துடைத்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. தூசி இல்லை, அக்கா. நான்தான் குறைந்துகொண்டே வந்திருக்கிறேன். நீ என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனது அதற்கு மறுநாள்.

அதாவது மாத்திரையை நிறுத்தினால் எனக்குத் திரும்பி வரப்போவது அந்த ஜனவரி முகம். அதையும் இந்த மிஷின் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. மொத்த ஆபீசிலும் அதற்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது, நான் அதன் கண்ணைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

செக்யூரிட்டி அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன சார், லெட்டர் எழுதுறப்ப மூஞ்சி இப்படிப் போகுது? மாத்திரை போட்டீங்களா?" என்றார். சில நாள் அவர் மேஜையில் வைத்தே நான் மாத்திரை போட்டதைப் பார்த்திருக்கிறார். இல்லை என்றேன். தன் டப்பாவில் இருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். "வெறும் வயித்துல போடாதீங்க" என்று தண்ணியும் கொடுத்தார். மீதிப் பாதியையும் நானே தின்றுவிட்டேன், அவர் காலி டப்பாவை மூடி வைத்தார்.

ஆகவே மேலே எழுதிய முடிவு ரத்து. இனி செய்யப்போவது:

1. மேனேஜரிடம் போய் உள்ளதைச் சொல்வது. குடலில் ஆரம்பித்து.
2. நாளைக் காலை அழிக்கும் பட்டனை அழுத்துவது. இருநூற்றுப் பதினாலு பேரிடமும் மன்னிப்புக் கேட்டு, வரிசையில் நிறுத்திப் பதிவது. கதை கேட்பவர்களுக்குக் கதை, கேட்காதவர்களுக்கு நன்றி.
3. தொண்ணூற்றிரண்டை எடுத்துவிட்டுக் கையேட்டில் உள்ள எண்பதையே வைப்பது.
4. இரண்டாவது அட்மினாகச் செக்யூரிட்டி அண்ணனைப் போடுவது. சுவரில் இருக்கும் என் நோட்டீசைக் கிழிப்பது.
5. மாத்திரை குறையக் குறைய முகம் மாறும் என்பதால், ஒன்று குறைகிற செவ்வாய்க்கிழமைதோறும் என் முகத்தைப் புதிதாகப் பதிவது.
6. நாளை காலை எட்டு மணிக்கு உன் போனை எடுத்து, நீ பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு கேட்பது.
7. போட்டாச்சு. மிச்சம்: 90.